தப்பில்லாத நூறு பக்கம்

1

புத்தாண்டு பிறந்த மூன்றாம் நாள் என் மகள் ஷீலா இரண்டு நோட்டுப் புத்தகங்களோடு வந்து சேர்ந்தாள். தடித்த அட்டை, மேலே தங்க எழுத்து. உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் 'இந்த வருஷம் என் இலக்குகள்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, கீழே வரிசையாகக் கோடு போட்டிருந்தது. அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது தெரியாது. லண்டனில் ஜனவரி மாதம் இது ஒரு காய்ச்சல் மாதிரி எல்லாருக்கும் வரும். உடம்பைக் குறைப்பேன், சிகரெட்டை விடுவேன், ஸ்பானிஷ் படிப்பேன் என்று எழுதிவைப்பார்கள். பிப்ரவரியில் காய்ச்சல் இறங்கிவிடும். போன வருஷம் தினமும் ஓடப்போகிறேன் என்று ஷீலா வாங்கின ஷூ என் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கிறது. அதன் அடியில் இன்றுவரை ஒரு துளி மண் ஒட்டியதில்லை.

"அம்மா, நீங்களும் எழுதுங்க. உங்க காலத்துல இதெல்லாம் இருந்திருக்காது. கோல் செட் பண்றதுன்னா என்னன்னு உங்களுக்கெல்லாம் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, பாவம்," என்றாள். முக்கால்வாசி ஆங்கிலத்தில்தான் சொன்னாள். 'பாவம்' மட்டும் நல்ல தமிழ்.

அந்தப் பாவம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். கரண்டியும் கையுமாகத் திரும்பினேன்.

"எட்டி, கேளு. உன் அம்மை பதினெட்டு வயசுல ஒரு கோல் போட்டா. போட்டதை முடிச்சா. அது இல்லேண்ணா நீ இன்னைக்கு லண்டன்ல நிண்ணு எனக்குப் புத்தகம் நீட்ட மாட்டே. பாறசாலைச் சந்தையில வெற்றிலை அடுக்கிட்டு இருந்திருப்பே. அதாக்கும் சங்கதி!"

அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தால் என் தமிழ் பாறசாலைக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். "சரி, சரி. அப்போ இந்த வருஷத்துக்கும் ஒண்ணு எழுதுங்க பார்ப்போம்," என்று பேனாவைத் திறந்து கையில் கொடுத்தாள்.

சவாலுக்கு எழுதினேன். தமிழில் ஒரே ஒரு வரி. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் என்ன எழுதினேன் என்று கேட்டாள்.

"ஜெபமணி மாமாகிட்ட ஒரு கேள்வி கேக்கணும்ணு எழுதியிருக்கேன்."

"அவ்வளவுதானா? போன் பண்ணிக் கேட்டா முடிஞ்சுதே!"

முடிஞ்சுதாம்! ஐம்பது வருஷமாக என்னால் முடியாத காரியம் அது. ஜெபமணி என் அண்ணன். எனக்கு எட்டு வயது மூத்தவர். களியக்காவிளையில் இருக்கிறார். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோம். மழை, முழங்கால் வலி, எவன் செத்தான், எவள் பெற்றாள் என்று எல்லாம் பேசுவோம். ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறந்ததில்லை. என் பதினெட்டாம் வயதில் அண்ணன் கேட்ட ஒரு காரியத்தை நான் செய்யவில்லை. அதை அவர் மன்னித்தாரா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. போன மாதம் மூச்சு முட்டல் வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனியும் கேட்காமல் இருந்தால் ஒரேயடியாகக் கேட்காமல் போய்விடும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கேட்பதற்கு முன்னால் நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

2

எங்கள் அப்பா மாசிலாமணி பாறசாலைச் சந்தையில் வெற்றிலை வியாபாரம். அண்ணன் கடையில் பாதி நாள், மீதி நாள் எல்லைப் போராட்டம். நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வீட்டில் இருக்கிற பெண் என்றால் அடுத்தது என்ன? கல்யாணப் பேச்சுதான். கள்ளிக்காட்டிலிருந்து ஒரு வரன் வந்து, மாப்பிள்ளைக்குத் தலைமுடி இல்லை என்று நான் அழுததில் அது நின்றுபோனது.

நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையின் மாடியில் பொன்னையா சார் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். ஆறு மெஷின். எங்கள் கிறிஸ்தவச் சபையில் ஒரு பெண் அங்கே படித்து, ஹையர் கிரேடு பரீட்சை பாஸாகி, திருவனந்தபுரத்தில் சர்க்கார் ஆபீசில் வேலைக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வருவதைப் பார்த்து எனக்குப் பொறாமையில் பாட்டே வராது. அப்பாவிடம் போய் நின்றேன்.

அப்பா யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷன். "செரி மக்கா. அடுத்த பரீட்சையில ஹையர் பாஸாயாச்சுண்ணா வேலைக்குப் போ. இல்லேண்ணா முடி உண்டோ இல்லியோ, வாற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டு," என்றார்.

வேகம் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. தப்புதான் போகவில்லை. பொன்னையா சார் என் பேப்பரைப் பார்த்து, "பிள்ளே, உன் விரல் ஆடு மாதிரி நல்லா ஓடுது. எவன் வயல்ல மேயுதுண்ணுதான் அதுக்குத் தெரியல்ல," என்பார். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த வயதில் எனக்குச் சிரிப்பைத் தாங்கிக்கொள்ளவே முடியாது.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது தீர்மானம் பண்ணினேன். பரீட்சைக்கு முன்னால் தப்பில்லாத நூறு பக்கம் அடிப்பேன். முழுப் பக்கம். ரப்பரால் அழித்தால் அது சேராது. ஒரு எழுத்து மேலே ஏறினாலும் சேராது. தப்புள்ள பக்கத்தை நானே கிழித்துப் போட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே போட்டது. யாரிடமும் சொல்லவுமில்லை, சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

எப்படிச் செய்வது என்பதைத்தான் அம்மாவின் அடுக்களையிலிருந்து எடுத்தேன். எங்கள் சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு, உங்களில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்கும். உலை வைக்க அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் தட்டுவார்கள். வீட்டில் அரிசி குறைவாக இருக்கிற நாளிலும் அம்மா முதலில் அந்தப் பிடியை எடுப்பாள். "எல்லாரும் தின்ன பிறகு மிச்சம் இருந்தா போடலாமே" என்று ஒருநாள் கேட்டேன். "மிச்சத்துல இருந்து எடுத்தா அது கர்த்தருக்கு இல்ல, கோழிக்காக்கும்," என்றாள்.

அதையே நான் மெஷினுக்கு வைத்துக்கொண்டேன். முதல் பஸ்ஸில் போய்விடுவேன். இன்ஸ்டிட்யூட் திறந்ததும், சார் கொடுக்கிற பாடத்தைத் தொடுவதற்கு முன்னால், விரல் புதுசாக இருக்கும்போதே என் பக்கம். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

முதல் பக்கம் கிடைக்க இருபது நாள் ஆனது. பத்தொன்பது நாள் கிழித்தேன்! இருபதாம் நாள் கடைசி வரி வரைக்கும் தப்பில்லாமல் வந்தபோது பயத்தில் கடைசிப் புள்ளியை வைக்கக் கை வரவில்லை. வைத்தேன். அந்தப் பேப்பரை உருவிப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு பாறசாலை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார்ந்தால் கசங்கிவிடுமே.

3

இங்கே கொஞ்சம் லண்டனுக்கு வருகிறேன். பெருமை பேசாமல் இருக்க என்னால் ஆகாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம், சிங்கப்பூர், பிறகு இங்கே என்று வந்து சேர்ந்தபோது கிழக்கு லண்டனில் ஒரு நகராட்சி அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போனேன். மேற்பார்வை பார்க்கிற வெள்ளைக்காரி என் சேலையைப் பார்த்தாள், குளிருக்கு அதன் மேல் போட்டிருந்த என் வீட்டுக்காரருடைய கோட்டைப் பார்த்தாள். ஒரு கடிதத்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னாள். அடித்தேன். பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவள் தப்புத் தேடினாள். ஒரு தடவை தேடினாள், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை தேடினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கொள்ளாம், இல்லியா?" என்று, நன்றாயிருக்கிறதல்லவா என்பதை நம்ம பாஷையில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, "ஆமாம்" என்று தலையாட்டினாள். இருபத்தெட்டு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தேன்.

ஆனால் நான் அடித்த எந்தப் படிவத்திலும் 'பிறந்த இடம்' என்ற கட்டம்போல என்னைப் படுத்தியது வேறில்லை. ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது பெரிய ரகளை ஆகிவிட்டது. ஞானஸ்நானச் சீட்டில் திருவிதாங்கூர் ராஜ்யம். பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் திரு-கொச்சி. பாஸ்போர்ட்டில் கேரளம். கவுண்டரில் இருந்த பையன், "நீங்கள் இத்தனை முறை இடம் மாறியிருக்கிறீர்களே, அதற்கான காகிதங்கள் எங்கே?" என்று கேட்கிறான். நான் எங்கேயடா மாறினேன்? ஒரே வீடு, ஒரே கிணறு. ராஜ்யம்தான் எங்கள் தலைக்கு மேலே மாறிமாறிப் போனது. அதை அவனுக்கு விளக்கி முடிக்க மூன்று கடிதம், இரண்டு நேர்காணல் ஆனது.

தாய்மொழி என்று கேட்டால் அடுத்த ரகளை. நான் தமிழ் என்று எழுதுவேன். ஷீலாவிடம் யாராவது கேட்டால், ஆளைப் பொறுத்துச் சொல்லுவாள். மலையாளிச் சிநேகிதிகளிடம் "திருவனந்தபுரம் பக்கம்" என்பாள். தமிழர்களிடம் "கன்னியாகுமரி பக்கம்" என்பாள். வெள்ளைக்காரர்களிடம் "சவுத்" என்று கையை ஆட்டிவிடுவாள். பிள்ளைக்கு வேர் இல்லாமல் போய்விட்டதே என்று முன்பெல்லாம் கவலைப்படுவேன். பிறகு ஒருநாள் நினைத்தபோது சிரிப்பு வந்தது. அவள் தாத்தா மாசிலாமணி இதைவிடப் பெரிய வேலை பார்த்தவர்.

4

மாகாணங்களை மொழிப்படி பிரிப்பதற்குக் கமிஷன் வருகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சாகக் கிடந்த காலம். தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு பக்கம். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். விடமாட்டோம் என்று மறு பக்கம். ஊர்வலம், தடியடி, கடையடைப்பு. பஸ் ஓடாத நாளில் நான் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு நடந்தே போயிருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தப்பில்லாத என் பக்கம் அன்றைக்கு உண்டா இல்லையா? அதுதான் எனக்குக் கவலை.

அண்ணன் அப்போது எங்கள் பக்கத்துப் போராட்டக்காரர்களில் முன்னால் நிற்கிற ஆள். நல்ல குரல். பனச்சமூடு, காரோடு என்று பக்கத்து ஊர்களில் பெட்டி மேல் ஏறி நின்று பேசுவார். "பாறசாலை தமிழ்நாட்டுல சேரும். நான் தமிழ்நாட்டுலதான் வாழுவேன், தமிழ்நாட்டுலதான் சாவேன்!" என்று அவர் முடிக்கும்போது கைதட்டல் அடங்க நேரமாகும். கேட்டுக்கொண்டு நிற்கிற எனக்கு மயிர்க்கால் குத்தி நிற்கும்.

கமிஷனுக்கு மனு கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில், டைப் அடித்து, பின்னால் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்ப் பட்டியலோடு. பக்கத்தில் பொன்னையா சாருடைய இன்ஸ்டிட்யூட்டை விட்டால் வேறு இடமில்லை. அதனால் இரண்டு கட்சியும் அங்கேயே வந்தது. தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற மனுவை அண்ணன் கொண்டுவந்தார். சேர்க்கக் கூடாது என்ற மனுவைக் கீழே துணிக்கடை வைத்திருந்த சுகுமாரன் கொண்டுவந்தார். சுகுமாரன் நல்ல மனுஷன். மழை வந்தால் எங்களைக் கடைக்குள் நிற்கச் சொல்லுவார், மலையாளத்திலும் தமிழிலும் கலந்து வம்பு பேசுவார். பொன்னையா சார் இரண்டையும் வாங்கிக்கொண்டு, "தப்பில்லாம அடிக்கது நீதான் பிள்ளே. ரெண்டையும் நீயே அடி," என்று என் மேஜையில் வைத்துவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது எழுபதுக்கு மேல் பக்கம் சேர்ந்திருந்தது. இரண்டு மனுவும் சேர்ந்தால் முப்பது பக்கம் வரும். நூறுக்கு வழி பிறந்துவிட்டது!

முதலில் அண்ணனுடையது. பெயர்ப் பட்டியலில் முதல் பெயரே எங்கள் அப்பா. கே. மாசிலாமணி, வெற்றிலை வியாபாரி, பாறசாலை. நெஞ்சு நிமிர அடித்தேன். இரண்டு நாள் கழித்து சுகுமாரனுடைய பட்டியல். மலையாள எழுத்தில் கையெழுத்துகள். அதை வாசித்து வாசித்து ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன். நடுவில் ஒரு பெயரில் என் பேனா நின்றுவிட்டது. கே. மாசிலாமணி, வெற்றிலைக் கச்சவடம், பாறசாலை.

அப்பாவே போட்ட கையெழுத்து. அந்த 'மா'வின் வால் எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலையில் சாயா குடிக்கும்போது கேட்டேன். அண்ணனும் இருந்தார். நான் அதை யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

"ஓ, போட்டேன்," என்றார் அப்பா, ஒரு சங்கடமும் இல்லாமல். "உன் அண்ணன் கொண்டு வந்தான், போட்டேன். பிறகு சுகுமாரன் கடைக்கு வந்து நிண்ணாரு. நல்ல மனுஷன், தூரத்துல இருந்து வந்தவரை வெறுங்கையோட அனுப்ப ஒக்குமா?"

அண்ணன் டம்ளரை வைத்த வேகத்தில் சாயா தெறித்தது. "அப்பா! அது என்னதுண்ணு தெரியுமா? பாறசாலை மலையாள ஊருண்ணு சொல்லுத மனுவாக்கும்!"

"ஆமா. அதுவும் நெசந்தானே? கோயில்ல தமிழ்ல ஜெபிக்கோம். சந்தையில மலையாளத்துல விலை பேசுதோம். ரெண்டு பேரும் உள்ளதைத்தான் எழுதியிருக்கினும். உள்ளதுக்குக் கையெழுத்துப் போட எனக்கு என்னலே பயம்?"

இதை வேறெந்த ஊரிலாவது ஒருவர் செய்வாரா? எங்கள் ஊரில் செய்வார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டேன்.

அண்ணன் பஸ் நிறுத்தம் வரை என்னோடு வந்தார். பஸ் வருகிற சத்தம் கேட்டதும், மெதுவாக, எனக்கு அதுவரை கேட்டுப் பழக்கமில்லாத குரலில் சொன்னார்.

"எட்டி. அந்தப் பட்டியல்ல அப்பன் பேரை விட்டுரு."

"விடவா?"

"அத்தனை பேருக்கு நடுவுல ஒரு வரி. கண்ணு தப்பிப் போச்சுண்ணு சொல்லு. அது வெளிய வந்தா நான் எந்த மேடையில ஏற? என் அப்பனையே சேர்க்க ஒக்காதவன் ஊரைச் சேர்க்க வந்துட்டாண்ணு சொல்லுவினும்."

"அண்ணா, வரி விட்டுப் போனா அது தப்புள்ள பக்கம். எனக்கு அது கணக்குல சேராது."

"என்ன கணக்கு?"

அன்றுதான் முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். நூறு பக்கம். தப்பில்லாமல். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நாடு பெரிசா, உன் பக்கம் பெரிசா?"

பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மாடிக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். பேப்பரை ஏற்றினேன். நியாயம், உண்மை என்றெல்லாம் அப்போது யோசித்தேன் என்று இப்போது எழுதினால் அது பொய். பதினெட்டு வயது. எனக்கு என் நூறு வேண்டும். என் அண்ணனும் வேண்டும். என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே அந்தப் பெயர் வருகிற இடத்தை நெருங்கினேன். முந்தின பெயரை அடித்து முடித்தேன். அடுத்த வரிக்குத் தள்ளினேன். கை தானாக நின்றது. சார் பார்க்கிறாரா என்று பார்த்தேன், பார்க்கவில்லை. விட்டால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அடித்தேன். அது என்னுடைய தொண்ணூற்றொன்றாவது பக்கம்.

5

மனுக்கள் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தன. சுகுமாரன் தன் கையில் இருந்த பட்டியலைக் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டியதில் விஷயம் வெளியே வந்தது. அடுத்த கூட்டம் பனச்சமூட்டில். அண்ணன் பேச ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒருவன், "முதல்ல உன் வீட்டுல உள்ள ஆளைச் சேரு, பிறகு ஊரைச் சேருடே!" என்று கத்தினான். கூட்டமே சிரித்தது. அண்ணன் பேச்சைப் பாதியில் விட்டு இறங்கிவிட்டார்.

அன்றோடு என்னிடம் பேச்சு நின்றது. அப்பாவிடம் பேசினார். அப்பாவிடம் கோபப்பட யாராலும் ஆகாது. எனக்கு மட்டும் முகம் கிடையாது. நான் சோறு வைத்தால் சாப்பிடுவார், தலை நிமிர மாட்டார்.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது நூறாவது பக்கம் முடிந்தது. ஹையர் பாஸானேன். திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தது, நானும் கைக்கடிகாரம் கட்டினேன். அம்மா கோயிலில் கர்த்தருக்கு நன்றி சொல்லிச் சாட்சி சொன்னாள். அப்பா சந்தையில் எல்லாருக்கும் வெற்றிலை கொடுத்தார். அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனசு முழுக்கப் பெருமை இருந்தது, நடுவில் ஒரு முள்ளும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

பிறகு எல்லை வந்தது. தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. எங்கள் தாலுகா போகவில்லை. பாறசாலை கேரளத்திலேயே நின்றது.

அதற்குப் பிறகு அண்ணன் செய்ததைத்தான் நீங்கள் எல்லாரும் கேட்க வேண்டும். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு கட்டில், இரண்டு பானை, ஒரு வேதப்புத்தகம், அண்ணியின் தையல் மெஷின். மாட்டு வண்டியில் ஏற்றினார். கிழக்கே நடந்தார். எல்லையைத் தாண்டிக் களியக்காவிளையில் போய் இறங்கினார். ஒரு வெற்றிலை மென்று துப்புகிற தூரம்! அக்கம்பக்கத்தார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஊரு வரல்லேண்ணா நான் போறேன். தமிழ்நாட்டுல வாழுவேண்ணு சொன்னேன், வாழுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டிக்குப் பின்னால் அவர் நடந்துபோகிற நடையைப் பார்த்து, இவர் என் அண்ணன் என்று நெஞ்சு விம்மியது. எங்கள் வீட்டில் இரண்டு பேர் இரண்டு காரியம் சொன்னோம். இரண்டு பேரும் செய்தோம்.

நான் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறின பிறகு அவரிடமிருந்து முதல் கடிதம் வந்தது. மழை நல்லா உண்டு, அப்பாவுக்கு இருமல், நீ சுகமா என்று நாலு வரி. பேச்சு திரும்ப வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் வரவில்லை.

6

இலக்கு எழுதி மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. நூறு பக்கம் அடித்த சூரப்புலி நான், ஒரு கேள்வி கேட்க மூன்று வாரம் போனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முதல் வாரம் அவருக்குச் சளி என்று விட்டேன். இரண்டாம் வாரம் எனக்குச் சளி. மூன்றாம் வாரம் யாருக்கும் ஒன்றுமில்லை, தைரியம்தான் இல்லை.

நாலாம் வாரம் ஷீலா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "என்னம்மா, என்னை மாதிரியே ஆயிட்டீங்களே," என்றாள். அது போதுமே எனக்கு. போனை எடுத்தேன்.

அங்கே சாயங்காலம். அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம், நான் கத்தித்தான் பேச வேண்டும். மழை பேசினோம். ஆஸ்பத்திரி பேசினோம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"அண்ணா, அந்த மனு உண்டில்லியா... அப்பா பேரு உள்ள பக்கம். நீங்க விடச் சொன்னியளே. நான் விடல்ல. அதை நீங்க என்னை மன்னிச்சாச்சா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எட்டி," என்றார். "இத்தன காலம் அதையா சுமந்துட்டு நடக்கே?"

"நீங்கதான் அன்னைக்கு இருந்து என்னைப் பாத்துப் பேசல்லியே!"

"கேட்டது நானாக்கும். கேக்கப்பிடாததைக் கேட்டவன் எந்த மூஞ்சியை வச்சுட்டு உன்னைப் பாக்க?" இருமினார். மூச்சு வாங்கியது. நான் போதும், பிறகு பேசலாம் என்றேன். கேட்கவில்லை. "நில்லு. உனக்கு ஒரு காரியம் தெரியாது. அந்த ரெண்டு மனுக் கட்டையும் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போனது யாருண்ணு நினைக்கே?"

"பொன்னையா சார்."

"பொன்னையா சார் எப்பிடிப் போவாரு? அன்னைக்குக் கடையடைப்பு. பஸ்ஸை மறிச்சது நாங்கதான். மனு கொடுக்கக் கடைசி நாளு. அவரு உதியங்குளங்கரையில அவருக்க வீட்டு முன்ன ரோட்டுல ரெண்டு கட்டையும் வச்சுட்டு முழிக்காரு. எங்க ஆளுவ என் சைக்கிளை மட்டுந்தான் விடுவினும். அதனால ரெண்டையும் என் கையில தந்துட்டாரு."

"ரெண்டையுமா? சுகுமாரனுக்க கட்டையும்?"

"ரெண்டையும். அமரவிளைப் பாலத்துல சைக்கிளை நிறுத்தினேன். சுகுமாரனுக்க கட்டைப் பிரிச்சேன். அப்பன் பேரு உள்ள பேப்பரை உருவி எடுத்தேன். கீழ நெய்யாறு ஓடுது. கிழிச்சுப் போட ஒரு நிமிஷம் போதும்."

ஷீலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழிக்கதுக்கு முன்ன வாசிச்சேன். ஒரு தப்பாவது இருக்கும், அதைச் சாக்கு வச்சுக் கிழிச்சுரலாம்ணு மேல இருந்து கீழ வரைக்கும் தேடினேன். ரெண்டு தடவை தேடினேன் எட்டி. ஒண்ணு கிடைக்கல்ல. நான் அத்தனை அழுத்தம் கொடுத்த அன்னைக்கு அடிச்ச பக்கம். கை ஒரு இடத்துல கூட நடுங்கல்ல. அப்பன் பேருக்குப் பக்கத்துல கமா வரைக்கும் சரியா இருந்துது."

"அண்ணா..."

"திருப்பி உள்ள வச்சுக் கெட்டினேன். ரெண்டையும் கொண்டு கொடுத்தேன். எதிர்க்கட்சி மனுதான். ஆனா என் தங்கச்சி அடிச்சதாக்கும் இதுண்ணு யாருகிட்டயாவது சொல்லணும் போல இருந்துது. கடையடைப்பு நாளு, பாலத்துல ஒரு மனுஷன் இல்ல. ஆத்தைப் பாத்துச் சொன்னேன்."